பறக்கும் ரயிலுக்கு வீடு கொடுத்தவர்

எங்கள் தெருவில் ராஜகோபாலனோடு சண்டை போடாதவர் யாரும் இல்லை. நானும் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மந்தைவெளிப் பக்கம் பறக்கும் ரயிலுக்கு இடம் கேட்டு ரயில்வேக்காரர்கள் வந்தபோது, முணுமுணுக்காமல் வீட்டைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வக்கீல்களைத் தேடி அலைந்துகொண்டிருக்க, அவர் மட்டும், "ஊருக்கு ரயில் வரதுன்னா யாராவது ஆத்தைக் குடுத்துதானே ஆகணும்" என்றார்.

வீட்டை இடித்த அன்று பார்க்க மனசில்லாமல், தேனாம்பேட்டையில் அவர் வேலை பார்த்த ஆபீசிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு மனைவி கோமளத்தோடு அதே தெருவின் மறுகோடியில் வாடகைக்கு வந்துவிட்டார். பழைய வீடு இருந்த கால்வாய்ப் பக்கம் கால் வைக்கவே இல்லை. தூண்கள் எழும்பி, பாலம் வந்து, தண்டவாளம் போட்டு, சோதனைக்காக ஒரு இன்ஜின் ஓடியபோது மட்டும் தெருமுனையில் நின்று தேங்காய் உடைத்தார். "எங்காத்துப் பூஜை அறைக்கு மேல ரயில் போறது, பாத்தேளா!" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அவ்வளவு பெருமை.

அந்த இன்ஜின் திரும்பிப் போனதுதான், அப்புறம் ஒன்றுமே வரவில்லை. பாதை வேறு பக்கமாகப் போகட்டும் என்று எங்கேயோ யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். மயிலாப்பூர் வரை ரயில் ஓட ஆரம்பித்த வருஷம், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பாலத்தில் தண்டவாளம் துருப்பிடித்து அறுகம்புல் முளைத்துக் கிடந்தது.

ஓடாத ரயிலுக்கு ஊர் எத்தனை நாள் காத்திருக்கும்? கால்வாயோரக் குடிசையிலிருந்து ஷகீலாதான் முதலில் பாலத்தில் ஏறினாள். வேலையாட்களுக்காக வைத்த இரும்புப் படிக்கட்டு அப்படியே இருந்தது. துணி உலர்த்தப் போனவள், இரண்டு எண்ணெய் டின்னில் சாமந்தி வைத்தாள். பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு போனார்கள். டாக்டர் நடக்கச் சொன்ன என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்கள் விடிகாலையில் போனோம். காற்று என்றால் அப்படியொரு காற்று. கடைசியில் எல்லோருமாக ரயில்வேயில் போய்க் கேட்டு, அதைப் பூங்காவாக ஆக்க அனுமதியும் வாங்கிவிட்டோம். தண்டவாளங்களுக்கு நடுவே கொட்ட மண் மூட்டைகூட வந்து இறங்கியது.

அப்போதுதான் ராஜகோபாலன் வழக்குப் போட்டார்.

சமாதானம் பேசப் போன எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ரயிலுக்குன்னு கேட்டா, குடுத்தேன். ரயிலை விடட்டும், இல்லே என் இடத்தைத் திருப்பிக் குடுக்கட்டும். நீங்கள்ளாம் காத்து வாங்கறதுக்கு நான் ஆத்தை இடிக்கக் குடுக்கலே!"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோர்ட்டில் தடை கிடைத்து வேலை நின்றது. மழையில் நனைந்த மண் மூட்டைகள் படிக்கட்டின் கீழே கிழிந்து ஒழுகின. வீட்டிலும் ஒரு உத்தரவு போட்டிருந்தார்: "நம்மாத்து மனுஷா ஒருத்தரும் மேல போகப்படாது."

வீட்டு மனுஷா என்று இருந்தது கோமளம் மாமி ஒருத்திதான். சாயங்காலம் கபாலி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் மாமி, நேராகப் படிக்கட்டுக்கு வந்துவிடுவார். ஷகீலா கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். "பாத்து வா மாமி, மாமா பாத்தா உன்னையும் கோர்ட்டுக்கு இஸ்துகினு போவாரு" என்பாள். மாமி சிரித்துக்கொண்டே ஏறி, பாலத்தின் கால்வாய்ப் பக்கம் போய் நின்றுகொள்வார்.

அங்கே ஒரு மாமரம் இருந்தது. ராஜகோபாலன் வீட்டுக் கொல்லை மரம். பாலம் கட்டும்போது பாதிக்கு வெட்டிப் போட்டார்கள். அது பிழைத்துத் தழைத்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே சாய்ந்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. வீட்டோடு மரமும் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த வீட்டைப் பற்றி பேச்செடுத்தாலே சீறி விழுகிறவரிடம் யார் போய்ச் சொல்வது?

சித்திரை வருஷப்பிறப்பு வந்தது. மற்ற வருஷங்களில் கடை மாங்காயில் பச்சடி செய்த மாமிக்கு அந்த வருஷம் கை நிற்கவில்லை. முதல் நாளே பாலத்தில் நின்று இரண்டு காய் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நடந்ததைப் பிற்பாடு மாமியே எனக்குச் சொன்னார்.

அந்த மரத்துக் காய் அசாத்தியப் புளிப்பு. எத்தனை வெல்லம் போட்டாலும் அடங்காது. அந்த வீட்டில் இருந்தவரை, வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு பச்சடியை வாயில் வைத்ததும் "இந்தச் சனியனை வெட்டித் தொலைக்கணும்" என்று கத்துவது ராஜகோபாலனுக்கு வழக்கம். அன்று பச்சடியைத் தொட்டு நாக்கில் வைத்தார். பல் கூசிக் கண்ணை மூடிக்கொண்டார். கத்தவில்லை. இலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"கோமளம், எத்தனை நாளா மேல போயிண்டிருக்கே?"

"நவராத்திரிலேர்ந்து" என்றார் மாமி.

அவர் சாப்பிட்டு முடித்து, பச்சடியை இன்னொரு தரம் போடச் சொல்லி அதையும் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். முன்னால் ராஜகோபாலன், பின்னால் மாமி. நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டோம்.

"இன்னா மாமா, கேஸும் போட்டுகினு மேலயும் ஏறி வர்றியா?" என்றாள் ஷகீலா.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மரம் சாய்ந்திருந்த இடத்துக்குப் போய்க் கிளையைத் தடவிக்கொண்டு நின்றார். எட்டிக் கீழே பார்த்து, "அடுக்களை எது?" என்றார். மாமி ஒரு தூணைக் காட்டினார். "கிணறு?" மாமி இன்னும் தள்ளிக் காட்டினார். பிறகு அவர் கையை நீட்டி ஒரு காயைப் பறித்தார். "துரட்டியைத் தூக்கித் தூக்கி நேக்குத் தோளே போச்சு கோமளம். இப்போ கை நீட்டினா வரது" என்று சொல்லிக் காயை மாமி கையில் கொடுத்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "அப்போ கேஸ், சார்?" என்று கேட்டுவிட்டேன்.

பழைய கோபத்தோடு சட்டென்று திரும்பினார். "மரம் இருக்குன்னு ஏன் ஓய் ஒருத்தரும் நேக்குச் சொல்லலே?"



அந்த வாரமே வழக்கை வாபஸ் வாங்கினார். கையெழுத்துப் போடுமுன் பூங்காவின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மாமரத்தை வெட்டிவிட்டு அங்கே சிமெண்ட் பெஞ்சு போடுவதாக இருந்தது. பெஞ்சைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்றார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.