சீமை மூக்குக்கு வார்த்த முகமூடி

தொழிற்சங்கச் செயலாளர் வேலை என்றால் அடுத்தவன் வலிக்கு நம் தொண்டையைச் சும்மா கொடுப்பது. அதைக் கொடுத்து நொந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டி வார்ப்படத் தொழிற்சாலையில் முதலில் குடிதண்ணீர் மறுத்தார்கள். அடுத்து, கக்கூசுக்குப் போனவனுக்கு அபராதம் போட்டார்கள். மூன்றாவதாக, நான் ஒட்டிய துண்டறிக்கையைக் கிழித்தார்கள். நாலாவதாக, எங்கள் முகத்திலேயே குற்றம் கண்டார்கள்.

கப்பலில் வந்தது

எழுபதுகளின் பின்பாதி. வார்ப்புகளைச் சாணை பிடிக்கும் கூடத்தில் பறக்கும் தூசிக்காகச் சீமையிலிருந்து ரப்பர் முகமூடிகள் வந்தன. போடாதவனுக்கு வேலை கிடையாது. ஆங்கிலோ இந்தியரான போர்மேனின் நீண்டு உயர்ந்த மூக்கில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. எங்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அகலம், தண்டு தணிவு. இரு பக்கமும் விரல் நுழையும் சந்து. பெரியபாளையத்து முனுசாமிக்கு எத்துப்பல் வேறு. விளிம்பு பல்லில் முட்டி, தாடைப் பக்கமும் திறந்தே கிடந்தது. நாள் பூராவும் இருமிவிட்டுச் சொன்னான்: "எவனோ மூஞ்சிக்கு ஊத்துன அச்சுண்ணே இது. நம்ம மூஞ்சிய இட்டுக்கினு வந்து இதுல அடைக்கச் சொல்றாங்க."

சப்பை மூக்கின் குற்றம்

மூச்சு முட்டி, முனுசாமி அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தான். அன்றே சஸ்பெண்டு. சங்கத்துக்காரன் என்று பெயர் எடுத்தவன். இந்த வேலை போனால் தொழிற்பேட்டையில் வேறெந்த ஆலையின் கேட்டும் அவனுக்குத் திறக்காது. மானேஜரிடம் முகமூடி ஓரத்து இடைவெளியைக் காட்டி வாதாடினேன். அவரும் திருவள்ளூர்க்காரர்தான், ஆனால் தோரணை சீமைத் துரையினுடையது. என் மூக்கைப் பார்த்தபடி சொன்னார்: "மாஸ்க் கரெக்டுதான்யா. உங்க ஆளுங்க மூஞ்சிதான் சரியில்ல."

நாலு சாட்சிகள்

விசாரணைக்கு நிர்வாகத்தின் பக்கம் இருவர், எங்கள் பக்கம் இருவர் சாட்சி. முடிவை அந்த நால்வர் முன்னால் மானேஜர் உரக்கப் படிக்க வேண்டும் என்பது முறை. அதற்கு முன் நான் ஒன்றே கேட்டேன்: அதே முகமூடியை மாட்டிக்கொண்டு அவர் சாணை அருகே கொஞ்ச நேரம் நிற்கட்டும். வீம்பாக வாரை இறுக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து கழற்றினால் மூக்கின் இரு பக்கமும் கறுப்புக் கோடு, தும்மல் நிற்கவில்லை. எனக்கோ அப்போதுதான் மூச்சே வந்தது. முனுசாமி தன் தோள் துண்டை நீட்டினான்: "தொடச்சிக்குங்க சார். உங்களுக்கும் நம்ம மூக்குதான்."

நான் எழுதிக் குவித்த துண்டறிக்கைகள் எல்லாம் சாதிக்காததை ஒரு மானேஜரின் தும்மல் சாதித்தது: வேலைக்குத் திரும்புகிறவர் என்று, நாலு சாட்சிகள் முன்னால், மூக்கைத் துடைத்தபடியே அவர் உரக்கப் படித்த பெயர், முனுசாமி.