சகலை கையில் ஒரு கேமரா

போட்டோத் தொழிலில் வெளிச்சத்தைச் சமாளிக்கலாம், இருட்டையும் சமாளிக்கலாம். பக்கத்தில் நின்று அதே படத்தை எடுக்கிற இன்னொருத்தனை மட்டும் சமாளிக்கவே முடியாது.

ஃபிலிம் காலத்தில் கழுத்தில் கேமரா மாட்டி, லேபுகள் மூடினதும் கழற்றி வைத்துவிட்டு, தலை நரைத்த பிறகு டிஜிட்டல் என்று மறுபடி இறங்கியிருக்கும் சக பாவிகளே, நான் உங்கள் ஆள். சிம்மக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கெமிக்கலில் கை வெந்து, கஸ்டமரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. ஃபிலிம் செத்ததும் அதே கடையில் பழைய மரச்சாமான் வாங்கி விற்றேன். பேரத்தில் என்னை ஜெயிக்க மதுரையில் ஆள் குறைவு. கோபத்திலும்தான்.

மறுபடி கேமராவைத் தொட வைத்தது கலை ஆர்வம் இல்லை. வயிற்றெரிச்சல். என் சகலை கதிரேசன், அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனுசன். ஒரு ஃபிலிம் ரோலைக் கையால் தொட்டதில்லை. விருப்ப ஓய்வு வாங்கி, கையோடு ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கினார். அழகர்கோவில் கோபுரத்தை எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார். அவ்வளவுதான், சொந்தம் மொத்தமும் அவரைக் கொண்டாடிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து என் மச்சான், பேரையூரில் விதைக்கடை வைத்திருக்கிற என் மனைவியின் அண்ணன், மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார். "போட்டோவுக்கு நம்ம கதிரேசன் இருக்காப்ல" என்று சொன்னாராம். அவருடைய கல்யாணத்தையே எடுத்தவன் நான்! அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தக் கல்யாணத்தையும் நான்தான் எடுப்பேன்.

கடைக்காரர் ஆயுசு

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கேமராக் கடை. "என்ன எடுக்கப் போறீங்கண்ணே? கல்யாணமா, பறவையா, கோயில் சிற்பமா?" என்று கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். "எங்க சகலை என்ன எடுக்கிறாரோ அதெல்லாம்" என்றேன். சகலை வைத்திருக்கிற மாடலைச் சொல்லி, அதைவிடப் பெரிதாக வேண்டும் என்றேன். "பெருசுன்னா எதுலண்ணே? சென்சாரா, லென்ஸா?" எனக்கு அப்போது சென்சார் என்றால் சினிமாக்காரர்கள் விஷயம்தான். "பார்க்கிறதுக்குப் பெருசா இருக்கணும்" என்றேன்.

பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார். பேரம் ஆரம்பித்தது. பை சும்மா வேண்டும் என்றேன், கொடுத்தார். துடைக்கிற துணி, ஸ்டாண்டு, மெமரி கார்டு, அந்தக் கார்டுக்கு ஒரு டப்பா. எல்லாம் வாங்கின பிறகு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "ரோல் எத்தனை ஃப்ரீ?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். ரோல் கிடையாது என்றதும் கோபம் வந்து, அதற்குப் பதிலாக இன்னொரு பேட்டரி கேட்டு நின்றேன். பேட்டரியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு அவர் கையெடுத்துக் கும்பிட்டார்: "விலையைக் குறைங்க, குறைச்சுக்கிறேன். என் ஆயுசைக் குறைக்காதீங்கண்ணே!"

துண்டுக்குள் என்ன?

"கீழக்குயில்குடி போவோம் சகல, காலை வெளிச்சம் நல்லா இருக்கும்" என்று கதிரேசன்தான் கூப்பிட்டார். சமணர் மலை அடிவாரம், தாமரைக் குளம். அவர் கேமராவைத் தூக்கினதும் டபடபவென்று சத்தம், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. எனக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு பதறுகிறது. முப்பத்தாறு படத்துக்குள் ஒரு வளைகாப்பையே முடித்தவன் நான். ஒரு தாமரைக்கு முன்னால் காற்று நிற்கட்டும், மேகம் விலகட்டும் என்று குந்தியே இருந்தேன். கடைசியில் ஒரே ஒரு கிளிக்.

அப்புறம் கார்டை மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. கடைக்காரரிடம் சும்மா வாங்கின கார்டு பையில் கிடக்கிறதே. ஆலமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் கேமராவை வைத்து, தோள் துண்டால் மூடி, கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவித் தடவிக் கழற்றினேன். வெளிச்சம் பட்டால் எடுத்ததெல்லாம் போய்விடும் என்று கைக்குத்தான் தெரியும். இது ஃபிலிம் இல்லை என்று அதற்கு யார் சொல்வது? தலையையும் துண்டுக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் திணறிவிட்டு வெளியே வந்தால், எதிரே டீக்கடைக்காரர் கிளாஸோடு நிற்கிறார். பக்கத்தில் கதிரேசன், வாயைப் பொத்திக்கொண்டு. டீக்கடைக்காரர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "என்னண்ணே, அடைகாக்க வச்சிருக்கீகளா? எப்பப் பொரிக்கும்?"

ஒரு ஹார்ட்டின் கதை

அன்று சாயந்திரம் இரண்டு பேர் படமும் குடும்ப வாட்ஸப்பில் வந்தன. என் தாமரைக்கு மாமியார் ஒரு கும்பிடு போட்டார், அதுவும் காலை வணக்கம் என்று நினைத்து. கதிரேசன் படத்துக்குக் கைதட்டு, பூங்கொத்து, நெருப்பு. அப்படி என்ன எடுத்துவிட்டார் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். குளத்தில் ஒரு பெண் குடத்தை முக்குகிறாள், மலை தண்ணீரில் ஆடுகிறது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் மிதக்கிறது! கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பழைய லேப் கூட்டாளி ஒருவனுக்கு அதை அனுப்பி, நாலு வார்த்தை திட்டலாம் என்று படத்தை அழுத்திப் பிடித்தேன். என்னமோ வரிசையாக மேலே வந்தது. விரல் எதிலோ பட்டது. பார்த்தால் கதிரேசன் படத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு ஹார்ட், என் பெயரில். எடுக்கத் தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் போன் அடித்தது. கதிரேசன்தான். "சகல, ஊரே சொன்னாலும் எனக்குத் திருப்தி இல்ல. தொழில் தெரிஞ்ச நீங்க ஒரு ஆளு சொல்லிட்டீக, அது போதும்!"

சும்மாவுக்குக் கீழே

பேரையூர் போய் மச்சானைப் பிடித்தேன். "கல்யாணத்தை நான் எடுக்கிறேன், காசு வேணாம்" என்றேன். வாழ்க்கையில் விலையைக் கீழே இறக்குவதற்கு நான் பேசின முதல் பேரம் அது. மச்சான் விதை மூட்டையில் சாய்ந்தபடி, "சின்ன மாப்ளயும் காசு வேணாம்னுதான் சொல்லிருக்காப்ல" என்றார்.

சும்மா என்பதற்குக் கீழே எப்படி இறங்குவது? நான் இறங்கினேன். ஆல்பமும் என் செலவு என்றேன். கதிரேசனும் அதைத்தான் சொன்னாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. "மச்சான், பொண்ணுக்குச் சீர் வரிசைல கட்டில் நான் தாரேன். தேக்கு. காரைக்குடி வீட்டுல இருந்து வந்தது, இழைச்சு பாலிஷ் போட்டு வாசல்ல இறக்குறேன்." மச்சான் மூட்டையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடை எனக்கு, கீழே கூட்டத்தை எடுப்பது கதிரேசன் என்று பிரித்துக் கொடுத்தார். நான் ஜெயித்த பூரிப்பில் எழுந்தபோது முதுகில் தட்டினார்: "கட்டிலுக்காக ஒத்துக்கிட்டேன் மாப்ள. போட்டோ எப்படி வருதோ, அது ஆண்டவன் விட்ட வழி."

வெறும் ஃபிளாஷ்

பழைய ஆட்களுக்கு இது தெரியும், புதியவர்களுக்குச் சொல்கிறேன். ஃபிலிம் காலத்தில் மேடையில் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். எல்லோரையும் எடுத்தால் ரோல் தாங்காது. கல்யாண வீட்டுக்காரரே காதோடு சொல்லிவிடுவார், "முக்கியமானவங்களுக்குப் படம், மத்தவங்களுக்கு வெளிச்சம்." ஃபிளாஷில் ஒரு பட்டன் உண்டு; அதை அழுத்தினால் மின்னும், படம் விழாது. வந்தவர்களும் சந்தோஷமாகச் சாப்பிடப் போவார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, தொழில்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் ரிசப்ஷன். வரிசை மண்டப வாசல் வரைக்கும் நிற்கிறது. வேர்த்து ஊற்றுகிறது. என் விரல் எப்போது அந்தப் பட்டனுக்குப் போனது என்று எனக்கே தெரியாது. பட்டுப்புடவையில் ஒரு அம்மா, மகன் மருமகள் பிள்ளைகளோடு ஏறி, பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவில் நின்று சிரித்தார். மின்னல் அடித்தேன். அந்த அம்மா சாப்பிடப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து, "எங்க, காட்டுங்க பார்ப்போம்" என்றார். அந்தக் காலத்தில் எவன் கேட்டான் இப்படி! திரையில் முந்தின குடும்பம்தான் இருக்கிறது. பின்னால் மச்சான் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மாவாம், சம்பந்தத்தையே பேசி முடித்தவராம்.

"கீழருந்து எடுத்தது நல்லா வந்திருக்கும்மா, இதைப் பாருங்க" என்று ஒரு குரல். கதிரேசன். அவருடைய தையல் மெஷின் எல்லாவற்றையும் அடித்து வைத்திருந்தது. பேரன் வாயில் விரல் வைத்தது, அந்த அம்மா அவன் கையைத் தட்டிவிட்டது, எல்லாம். என்னைக் காட்டிக்கொடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அந்த அம்மா முகம் மலர்ந்து மச்சானிடம் திரும்பினார்: "இந்தத் தம்பிதான் போட்டோகிராபரா? மேல நின்ன பெரியவரு லைட்டு பிடிக்க வந்தவரா?"

தாலி கட்டின நேரம்

மறுநாள் முகூர்த்தத்துக்கு மேடை கதிரேசனுக்குப் போய்விட்டது. நான் சண்டை போட்டு, சத்தம் போட்டு, கடைசியில் தவில்காரர் பக்கத்தில் ஒரு மூலையைப் பேரம் பேசி வாங்கினேன். கெட்டிமேளம் முழங்கியது. கதிரேசன் டபடபவென்று எடுத்தார். அட்சதை பறக்கிறது, ஆளாளுக்குச் செல்போனைத் தூக்குகிறார்கள். நான் கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது முடிச்சில் பொண்ணு ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். கிளிக்.

கதிரேசன் எடுத்ததில் ஒன்றுவிடாமல் நடுவே யாருடைய கையோ செல்போனோ. என்னுடையது ஒன்றுதான் சுத்தம். மச்சான் அதைக் கதவு அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு நடுவீட்டில் மாட்டினார். மறுவீட்டு விருந்தன்று அதற்குக் கீழே போய் நின்றுகொண்டேன், யாராவது கேட்கட்டும் என்று. சம்பந்தி வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், அசந்துபோனார்கள். நேராகக் கதிரேசன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "ஐயோ, இது நான் எடுத்ததில்லைங்க, சகலை எடுத்தது" என்று அவர் பதறினார், என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "லைட்டு பிடிச்சவருக்கும் பேரைக் குடுக்குறாரே, எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க!"

இத்தனை வயிற்றெரிச்சலோடு தொழிலுக்குத் திரும்பி வந்தவனுக்கு இருக்கிற ஒரே குறை, திட்டித் தீர்ப்பதற்காவது அந்தச் சகலை கொஞ்சம் கெட்டவராக இருந்து தொலைக்கக் கூடாதா என்பதுதான்.