சிவப்புக்குத் தாழ்ந்த வயிறு, வெள்ளைக்கு நீண்ட மூக்கு

கார் வாங்குவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வரும் மண் ஒழுங்கையை அளந்திருக்கக் கூடாது. எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

என் மனதில் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டுமே வேறொருவர் ஓடிக் களைத்தவை, யப்பானில் செய்தவை, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடியவை, வேகமாக ஓடுவதற்கென்றே பிறந்தவை. அவற்றின் பெயர்கள் இந்தக் கதைக்குத் தேவையில்லை. சிவப்பு, வெள்ளை என்றே எழுதுகிறேன்.

சிவப்பு வவுனியாவில் ஒரு பல் வைத்தியரிடம் இருந்தது. அதன் முன்விளக்குகள் பொனற்றுக்குள் படுத்திருக்கும். ஆளியைத் தட்டினால் கண் விழிப்பதுபோல் எழும்பும். வலது கண் உடனே விழிக்கும், இடது கண் கொஞ்சம் யோசித்துவிட்டு விழிக்கும். நான் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை கையை வைத்தபோது வைத்தியர், "தங்கச்சி, வாங்கிற ஆளுக்கும் கொஞ்சம் மிச்சம் விடுங்கோ" என்றார்.

வெள்ளை பரந்தனில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் இருந்தது. அதற்குச் சீலைக் கூரை. மடித்துப் பின்னால் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடலாம். "இந்த வெயிலுக்கும் புழுதிக்கும் கூரையைத் திறந்துகொண்டு ஆர் அண்ணை ஓடுறது?" என்று கேட்டேன். "அதாலதான் விக்கிறன்" என்றார். இவ்வளவு நேர்மையாகப் பொருள் விற்கிறவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் வாய்க்கால்கள் அளக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எதையும் அட்டவணை போடாமல் முடிவு செய்ய எனக்கு வராது. கொப்பியில் இரண்டு நிரல் கீறி, இருபத்துமூன்று விடயங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் புள்ளி போட்டேன். எஞ்சின், பிறேக், ரயர், துரு, உதிரிப்பாகம் கிடைக்குமா, கதவு மூடும்போது என்ன சத்தம், இப்படி. சிவப்புக்குப் பதினொன்று, வெள்ளைக்குப் பதினொன்று, ஒன்று சமம். இதை நீதியான முடிவு என்று நான் நம்பவில்லை. ஏனென்றால் என் மனம் ஏற்கெனவே சிவப்பின் இடது கண்ணிடம் போய்விட்டது.

அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம்.

"ரெண்டு பேர் இருக்கிற கார் எதுக்கடி? நீயும் ஆரும்?"

"நானும் என்ர பையும்."

"அந்தக் காசுக்கு ஒரு வான் எடுக்கலாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லாரும் ஒண்டாப் போகலாம்."

"எல்லாரும் போவியள். வானை ஓடுறது ஆர்?"

"நீதான். உனக்குத்தானே லைசென்ஸ் இருக்கு."

இதுதான் எனக்குப் பயம். எங்கள் சொந்தத்தில் வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உள்ள ஒரே ஆள் நான். போன வருடம் வாடகை வான்களில் நான் ஏற்றி இறக்கியவற்றில் இரண்டு கலியாண வீடு, ஒரு பூப்புனித நீராட்டு விழா, நாலு ஆஸ்பத்திரிப் பயணம், ஒரு அலுமாரி, பதினேழு பலாப்பழம் ஆகியவை எனக்கு நினைவிருக்கின்றன. சொந்தமாக ஒரு வான் முற்றத்தில் நின்றால் என் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துவிடும். இரண்டு இருக்கைக் காரில் அந்த ஆபத்து இல்லை.

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி. உந்தக் கார் தார் றோட்டிலயிருந்து எங்கட வீட்டு முத்தத்துக்கு அடி தட்டாமல் வந்தால் வாங்கு. 'டொக்' எண்டு ஒரு சத்தம் எனக்குக் கேட்டாலும் வான்தான்."

அம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே, மூன்றாம் வீட்டுக் கோழி முட்டை இடப்போகிறது என்று சொல்லக்கூடியவர். அவருடைய காதை ஏமாற்ற முடியாது. ஆகவே அளக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஒழுங்கை முந்நூற்று நாற்பது மீற்றர். என்னுடன் படித்த ஒருத்தி தனியாக நில அளவை செய்கிறாள். அவளிடமிருந்து லெவல் கருவியையும் அதன் முக்காலியையும் அளவுத்தடியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினேன். தடி பிடிக்கச் சின்னம்மா வந்தார். அடுத்த வளவில் இருக்கும் அம்மாவின் தங்கை. நல்ல உதவியாளர், வாயை மூடிக்கொண்டால்.

"தடியை நேராப் பிடியுங்கோ சின்னம்மா."

"நான் நேராத்தான் பிடிக்கிறன். ஒழுங்கைதான் சரிஞ்சு கிடக்கு."

அன்றைக்கு மாலை வரைபுத் தாளில் ஒழுங்கையின் மேடு பள்ளத்தைக் கீறினேன். பிறகு மட்டை அட்டையில் இரண்டு கார்களின் பக்கத் தோற்றத்தையும் அதே அளவுத்திட்டத்தில் வெட்டி, கீறிய கோட்டின்மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அம்மா வந்து பார்த்தார். உத்தியோகம் பார்க்கிற பிள்ளை மட்டைக் கார் ஓட்டி விளையாடுவதைப் பார்த்து, என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு மிகத் தெளிவாக இருந்தது. சிவப்பின் வயிறு தாழ்ந்தது. மாமி ஒருவரின் வேலிப் படலைக்கு முன்னால், ஒழுங்கைக்குக் குறுக்கே கிடக்கும் வேப்பம் வேரில் அது மூன்று சென்ரிமீற்றரால் தட்டும். வெள்ளையின் மூக்கு நீண்டது. ஒழுங்கைத் தொடக்கத்தில், மதகடியில் கிடக்கும் பள்ளக் கிடங்கில் இறங்கும்போது அது இரண்டு சென்ரிமீற்றரால் குத்தும். வேறெங்கும் இரண்டுக்கும் பிரச்சினை இல்லை. அதாவது வேரைக் கொஞ்சம் செதுக்கினால் சிவப்பு வரும். கிடங்கில் இரண்டு தள்ளுவண்டில் கிறவல் மண் கொட்டினால் வெள்ளை வரும். எனக்கு ஒரு கைக்கோடரிதான் தேவை.

ஆனால் அளந்துகொண்டிருந்தபோது ஒரு தவறு செய்திருந்தேன். மூலைவீட்டு மாமா சைக்கிளை நிறுத்தி, முக்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்து, "என்ன பிள்ளை, காபெட் றோட்டுப் போடப் போறாங்களோ?" என்று கேட்டார். சொகுசுக் காருக்காக ஒழுங்கை அளக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"சும்மா ஒரு அளவு, மாமா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் முக்காலி வைத்து அளந்தால் ஏதோ திட்டம் வருகிறது என்று பொருள். அளக்கிற ஆள் வாய்க்கால் அளக்கிற உத்தியோகத்தராக இருந்து, கேட்டதற்குச் 'சும்மா' என்றும் சொன்னால், காசு ஒதுக்கியாகிவிட்டது, வெளியில் சொல்லக் கூடாது என்று பொருள்.

திங்கட்கிழமை மாலை வேலையால் வந்தபோது ஒழுங்கை அகன்றிருந்தது. வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நடந்து வந்த வேலிகள் எல்லாம் ஒரே நாளில் நட்ட கதியால் கம்புகளோடு உள்ளே திரும்பிப் போயிருந்தன. அளந்து பிடிபடுவதற்கு முன் தாங்களாகவே போவது மரியாதை அல்லவா. இது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு, கைக்கோடரியோடு மாமியிடம் வேரைச் செதுக்க அனுமதி கேட்கப் போனேன்.

வேரின் ஓரத்தில், மரத்தடியில், சூலம் நின்றது. அடியில் ஒரு கல். கல்லுக்குச் சந்தனம். வேர் முழுக்கக் குங்குமம்.

"வைரவர், பிள்ளை" என்றார் மாமி, என் கையிலிருந்த கோடரியைப் பார்த்தபடி. "கனகாலமா இஞ்சதான் இருக்கிறார்."

"நேத்து இல்லையே மாமி."

"நேத்து நீ குனிஞ்சு பாக்கேல்லை. றோட்டுப் போடுறவங்களிட்டச் சொல்லு, இந்த மரத்தில கை வைக்கேலாது எண்டு."

கோடரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பினேன். சரி, அப்படியானால் வெள்ளைதான், கிடங்கை நிரப்புவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை தள்ளுவண்டிலோடு மதகடிக்குப் போனேன். அங்கே மூலைவீட்டு மாமா மண்வெட்டியோடு நின்று கிடங்கை ஆழமாக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா செய்யிறியள்?"

"பாக்க வாறவங்களுக்குப் பரிதாபமா இருக்கவேணும் பிள்ளை. நல்லாக் கிடக்கெண்டால் அடுத்த ஒழுங்கைக்குக் குடுத்திடுவாங்கள்." என் வண்டிலில் இருந்த கிறவலைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன விசரோ? வாற சீதேவியை மண் போட்டு மூடப் பாக்கிறாய்!"

அந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன். வீதி வரவில்லை, நான் ஒரு கார் வாங்கப் போகிறேன், கார் நிலத்தோடு ஒட்டினாற்போல் மிகப் பதிவு, அதனால் அளந்தேன். மாமா கேட்டு முடித்து, கண்ணைச் சிமிட்டினார்.

"விளங்குது பிள்ளை. நீ அப்பிடித்தான் சொல்லவேணும். உன்ர உத்தியோகம்."

அன்றிரவே காபெட் வீதி கேட்டுப் பிரதேச சபைக்கு ஒரு மனு தயாராயிற்று. முதல் கையெழுத்து மாமா. இரண்டாவது சின்னம்மா.

"சின்னம்மா, உங்களுக்குத்தானே உண்மை தெரியும்? நீங்கள்தானே தடி பிடிச்சனீங்கள்?"

"தெரியும்தான். எண்டாலும் வந்தால் வரட்டுமே."

சனிக்கிழமை பல் வைத்தியர் சிவப்பைக் கொண்டுவந்தார். தார் வீதியில் வைத்து நான் ஏறிக்கொண்டேன். மதகடியில் சிவப்பின் குட்டை மூக்குக் கிடங்குக்குள் சரிவாக இறங்கி, ஆழமாக்கியதையும் பொருட்படுத்தாமல் ஏறிவிட்டது. பின்னால் ஒரு ஊர்வலம் சேர்ந்தது. வேப்பமரத்தடியில் நிறுத்தி இறங்கி, குனிந்து பார்த்தேன். கணக்குப் பிழைக்கவில்லை. மூன்று சென்ரிமீற்றர். வைத்தியர் சூலத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். அது அவருடைய இடுப்பளவுகூட இல்லை. நான் விளக்கைப் போட்டுக் காட்டினேன். வலது கண் விழித்தது. இடது கண் யோசித்து விழித்தது.

"இந்தத் தவளைக்காகவோ நீ ஒழுங்கை அளந்தனீ?"

"ஓம் மாமி."

"அப்ப றோட்டு வராதோ?"

"வராது மாமி."

மாமியின் முகம் மலர்ந்தது. மரம் தப்பிவிட்டது. "அப்ப சூலத்தைக் கொஞ்சம் அங்கால வையுங்கோ மாமி, வேரைச் செதுக்கிறன்" என்றேன், சிவப்பின் இடது கண்ணைப் பார்த்துக்கொண்டே.

மாமி குரலைத் தாழ்த்தினார். "நான் மரத்தைக் காப்பாத்தச் சும்மாதான் வச்சனான் பிள்ளை, இனி என்னத்துக்குப் பொய். ஆனால் காணாமல்போன எங்கட நாம்பன் மாடு புதன்கிழமை தானா வந்து மரத்தடியில நிண்டுது. வெள்ளிக்கிழமை வடைமாலையும் சாத்திப்போட்டன். இனி ஆர் அவரை இடத்தை விட்டு எழுப்புறது?"

சிவப்பைத் தார் வீதி வரைக்கும் பின்னோக்கியே ஓட்டிச் சென்றேன். வைத்தியர் ஏறிப் போகும்போது பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு போனார். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பரந்தன்காரரோடு வெள்ளை வந்தது. வைரவரின் வேருக்கு மேலே அதன் வயிறு இரண்டு விரல் உயரத்தில் போகும் என்று எனக்குத் தெரியும். கிடங்குதான் பிரச்சினை. "றோட்டு வருதோ இல்லையோ, மனுக் குடுத்தாச்சு, கிடங்கில ஒருதரும் கை வைக்கேலாது" என்று மாமா நின்றார்.

"கை வைக்காமல் மேலால போகலாம்தானே?" என்று கேட்டேன்.

மாமா யோசித்தார். பிறகு வீட்டுக்குப் போய், உழவு இயந்திரத்தை லொறியில் ஏற்றுவதற்கு வைத்திருக்கும் இரண்டு பலகைகளைத் தோளில் கொண்டுவந்து கிடங்கின்மேல் தன் கையாலேயே போட்டார்.

கூரையைத் திறந்துவிட்டுத்தான் ஓட்டினேன். எல்லோரும் அதைத்தான் பார்க்கக் கேட்டார்கள். அம்மா எங்கள் படலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஊர் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. சின்னம்மாகூடப் பேசவில்லை. பலகை முனகியது, தாங்கியது. ஏறிவிட்டேன். வேப்பமரத்தடி வந்தது. முன் சில்லு வேரில் ஏறி இறங்கியது. பின் சில்லு ஏறியது.

"டொக்."

அம்மா கண்ணைத் திறந்தார்.

"கேட்டது" என்றார்.

"அது பலகை!" என்று பின்னால் மாமா கத்தினார். "நான் பலகையைத் தூக்கேக்க கைநழுவி விழுந்தது!"

"பலகைதான் அக்கா, நான் கண்டனான்" என்றார் சின்னம்மா.

"நீ மனுவிலயும் கையெழுத்து வச்சனீ" என்றார் அம்மா.

காரை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். வானும் பலாப்பழங்களும் கண்முன்னே வரிசையாக வந்தன. சரியான அத்தாட்சி ஒன்று தேவைப்பட்டது. அப்போதுதான் நினைவு வந்தது.

"அம்மா, வேர் முழுக்கக் குங்குமம். தட்டியிருந்தால் வயித்தில ஒட்டியிருக்கும். காரோ வெள்ளை. நீங்களே பாருங்கோ."

அம்மா பாயை எடுத்து வந்து விரித்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மல்லாந்து படுத்து, தலையைக் காருக்கடியில் கொடுத்தார். ரோர்ச்சைக் கேட்டார். கொடுத்தேன். பரந்தன்காரர் தன் காரை இவ்வளவு கவனமாக எவரும் பார்த்ததில்லை என்றார். ரோர்ச் வெளிச்சம் முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை ஊர்ந்து போனது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"குங்குமம் இல்லை. புழுதிதான்." கொஞ்சம் பொறுத்து, "வாங்கு."

இப்போது தினமும் காலையில் மதகடியில் இறங்கிப் பலகைகளைப் போட்டு, கடந்து, திரும்பவும் இறங்கி அவற்றை எடுக்கிறேன். ஒழுங்கையில் விட்டுவிட்டுப் போக முடியாது, மனுவுக்குப் பதில் வந்து யாராவது பார்க்க வந்தால் கிடங்கு தெரியவேண்டும் என்பது மாமாவின் கட்டளை. கூரை மூடிய காரென்றால் பலகைகளை வைக்க இடமே இருந்திருக்காது. வெள்ளையின் கூரையை மடித்துவிடலாம். ஆகையால் பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்து வார்ப்பட்டியால் கட்டிவிடுகிறேன். வேறு ஒருவரும் ஏற முடியாது.

போன கிழமை சின்னம்மா கதவைத் திறந்துகொண்டு, "நான் பலகையை மடியில வச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றார்.

பலகை ஒவ்வொன்றும் ஏழடி.