பாஸ்போர்ட்டில் வைத்த பொட்டு

புதுச்சேரி கோரிமேட்டிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் பழகியவள் நான். எல்லை என்றால் எனக்குப் பயமே கிடையாது. போன வருஷம் சிங்கப்பூரில் மகனைப் பார்த்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் மலேசியாவில் இருக்கும் பத்துமலை முருகனைக் கும்பிட பஸ் ஏறினோம்.

மலேசிய எல்லையில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். என் பாஸ்போர்ட்டைத் திறந்த அதிகாரியம்மா முகம் சுளித்தார். உள்ளே முதல் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் ஊறிக் கிடந்தன. வீட்டுக்கு எது புதுசாக வந்தாலும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைப்பேன். பாஸ்போர்ட்டுக்கும் வைத்திருந்தேன்.

அதிகாரி நகத்தால் சுரண்டினார். கெட்டுப்போன பாஸ்போர்ட்டோடு வந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். எங்கள் பஸ் டிரைவர் தமிழர். ஓடி வந்தார்.

"குழம்பு கொட்டிடுச்சுன்னு சொல்லிடறேம்மா, விட்டுடுவாங்க."

"ஆமாம்பா, அப்படியே சொல்லு," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. கோயிலுக்குப் போறப்ப பொய் எதுக்கு? சாமிய வேண்டிக்கிட்டு நான்தான் வச்சேன்னு சொல்லுப்பா. அனுப்பினா அனுப்பட்டும், போறேன்."

டிரைவர் தயங்கித் தயங்கி மலாயில் சொன்னார். அதிகாரி என்னையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், "ஊருக்குப் போனதும் வேற வாங்கிடுங்க," என்று டிரைவர் மூலமாகச் சொல்லி விட்டுவிட்டார்.

பொட்டு வைத்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு என்னைத் திருப்பி அனுப்பியிருந்தாலும், தலை குனியாமல்தான் புதுச்சேரிக்கு வந்திருப்பேன்.