நாற்பத்திரண்டாம் வரிசைக்கு வந்த ஆட்டுக்கறி

விமானத்தில் ஸ்பெஷல் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவனுக்கு ஒரு சின்ன ராஜமரியாதை உண்டு. மற்றவர்கள் எல்லாம் டிராலி எப்போது வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது அவன் தட்டு மட்டும் தனியாக, முதலில், கையில் ஏந்தி வரும். அலுமினியத் தாளின் மேல் அவன் இருக்கை எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அக்கம்பக்கத்து இருக்கைக்காரர்கள், யாரடா இந்தப் பெரிய மனுஷன் என்று பார்ப்பார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறெங்கும் கிடைக்காத பார்வை அது.

அந்த ஸ்பெஷல் பட்டியல் ரொம்ப நீளம். சர்க்கரைக்காரருக்கு ஒன்று, உப்பு ஆகாதவருக்கு ஒன்று, ஜைனருக்கு ஒன்று. அதில் ‘ஹிந்து மீல்’ என்றும் ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தால் தயிர்சாதத்தோடு துளசித் தீர்த்தமும் தருவார்கள் போலிருக்கும். உண்மையில் மாட்டையும் பன்றியையும் தவிர்த்துவிட்டு, ஆட்டையோ கோழியையோ நம்ம ஊர் மசாலாவில் போட்டுத் தருவார்கள். என் கட்சி அதுதான்.

ஆட்டுக்கறி தின்ன நான் ஏன் ஆகாயத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா வேலூர் பக்கத்திலிருந்து புனேயில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி வளர்ந்தவன், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வண்டி பிரேக்குக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். எல்லோருக்கும் அவர் சேட்ஜி. “மதராஸி இல்லையா? அப்ப பியூர் வெஜ்தான்” என்றார். புனேயில் தமிழன் என்றால் இட்லி, இட்லி என்றால் ஐயர் என்று ஒரு கணக்கு. நான் சிரித்தேன். சிரிப்பு பொய்யில் சேராது என்று அப்போது நினைத்தேன்.

அந்தச் சிரிப்பு வளர்ந்தது. ஐந்தாம் வருஷம், ஔந்தில் சேட்ஜிக்குச் சொந்தமான கட்டடத்தில் எனக்கு ஒரு ஃபிளாட் கொடுத்தார்கள். வாடகை பெயருக்குத்தான். முட்டை ஓடுகூடக் குப்பையில் தட்டுப்படக் கூடாத கட்டடம். அதன்பிறகு ஞாயிறுகளில், கோயிலுக்குப் போகிறோம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, ஆகுர்டியில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி, சோம்பு மென்று, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு திரும்புவோம்.

“கள்ளக் காதலுக்குக்கூட இவ்ளோ ஜாக்கிரதை வேணாங்க” என்பாள் என் மனைவி.

சேட்ஜி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதில் எனக்குக் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சியிருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். தமிழன் எல்லாம் அண்ணா என்பது இந்தப் பக்கத்து வழக்கம். என் குடல்வால் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தவர் அவர்.

புனேக்கு வெளியே தளேகாவில் கம்பெனியின் புதிய ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குத் தலைவராக யாரைப் போடுவது என்பதில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று நான். மற்றவர் என்னைவிட இளையவர், கெட்டிக்காரர், டப்பாவில் ஆம்லெட் கொண்டுவருவதை மறைக்காதவர். ஜெர்மனிக்குப் போய் ஆலைக்கான இயந்திரங்களைப் பார்த்து வர சேட்ஜி என்னை அழைத்தபோது, முடிவு என் பக்கம் சாய்கிறது என்று புரிந்துகொண்டேன்.

கம்பெனி டிராவல் டெஸ்க் எனக்கு எப்போதும் சைவச் சாப்பாடுதான் பதிவு செய்யும். நான் வீட்டில் உட்கார்ந்து, பதிவு எண்ணைப் போட்டு, அதை ஹிந்து மீலாக மாற்றிவிடுவேன். இதில் ஆபத்து ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சேட்ஜி முன்னால் பிசினஸ் கிளாஸில் இருப்பார். நான் நாற்பத்திரண்டாம் வரிசையில். நடுவில் ஒரு திரையும் பாதி விமானமும்.

மும்பையில் காலை விமானம். ஏறி உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்து முடித்ததும், பையை மேலே வைக்க உதவிய ஏர் ஹோஸ்டஸ் பெண் தமிழில் கேட்டாள்.

“சார் தமிழா? எந்த ஊரு சார்?”

“புனே.”

“அது எப்ப சார் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு?” என்று சிரித்தாள். திண்டுக்கல் பக்கமாம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். அந்த உரிமையில் கேட்டேன்: “ஸ்பெஷல் சாப்பாடு சொல்லியிருந்தேன். வந்திருக்கான்னு பாரும்மா.”

போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தாள். “நாப்பத்திரண்டு சி, ஹிந்து மீல், மட்டன். உங்களுக்குத்தான் சார் மொதல்ல. சூடாக் கொண்டாரேன்.”

ஒரு மணி நேரம் கழித்து, பெல்ட் விளக்கு அணைந்ததும் திரையை விலக்கிக்கொண்டு சேட்ஜி வந்தார். கையில் துணியில் சுற்றிய எவர்சில்வர் டப்பா. என் பக்கத்து இருக்கை காலி. அதில் உட்கார்ந்தார்.

“அண்ணா, நமக்கெல்லாம் இவங்க சாப்பாடு ஒத்து வராது. வீட்ல தேப்லா போட்டுக் கொடுத்திருக்காங்க. தனியாச் சாப்பிட மனசு வரல” என்றார் இந்தியில். டப்பாவைத் திறந்தார். வெந்தயக்கீரை போட்ட மெல்லிய ரொட்டிகள், ஓரத்தில் இனிப்பு மாங்காய்த் தொக்கு. பிசினஸ் கிளாஸை விட்டுவிட்டு, எனக்காக, பாதி விமானம் நடந்து வந்திருந்தார்.

“தளேகாவ் விஷயமா பார்ட்னர்கள்கிட்ட உன் பேரைச் சொல்லிட்டேன்” என்றார். “கெட்டிக்காரன் எங்கேயும் கிடைப்பான். நம்ம மாதிரி ஆள் கிடைக்கணுமே.”

நான் தேப்லாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் வந்தாள், சொன்ன சொல் தவறாமல், முதல் ஆளாக எனக்கு. தட்டை என் முன்னால் வைத்து, என் இரண்டு கையிலும் தேப்லா இருப்பதைப் பார்த்து, உதவியாக அலுமினியத் தாளையும் அவளே பிரித்துவிட்டாள். கரம் மசாலா வாசனை ஆவியோடு எழுந்தது. சாதத்தின் மேல், சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஓர் எலும்பு.

சேட்ஜி டப்பாவை மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்த பார்வை.

நான் ஆங்கிலத்தில் கத்தினேன். நான் சுத்த சைவம், பரம்பரையாகச் சைவம், இதை எப்படி என் முன்னால் வைக்கலாம், தட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதா என்றெல்லாம். ‘பரம்பரையாக’ எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

அவள் குனிந்து, தாழ்ந்த குரலில், சேட்ஜிக்குப் புரியாத தமிழில் சொன்னாள்: “சார், நீங்கதானே சார் கேட்டீங்க?”

நான் மறுபடியும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்: “உன் மேலதிகாரியைக் கூப்பிடு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆங்கிலத்தில், அவருக்கும் கேட்கும்படி, “மன்னிக்கணும் சார், என் தவறு. வேறு இருக்கைக்கு உரியது” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்னைக் காப்பாற்றிவிட்டாள். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சேட்ஜி எனக்காகக் கொதித்துப் போயிருந்தார். மேலதிகாரி அம்மாளை வரவழைத்தார், புகார்த் தாள் கேட்டு வாங்கினார், தன் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“விடுங்க சேட்ஜி, சின்னப் பொண்ணு” என்றேன்.

“இதான் உன் குணம், அண்ணா. ரொம்ப நல்லவன். இன்னிக்கு நீ விட்டா நாளைக்கு இன்னொருத்தன் தட்டுல வைப்பாங்க. எழுது.”

எழுதினேன். ஊழியர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் மேலதிகாரிக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் தலை நிமிர்ந்தபோது, மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டை எனக்குத் தெரிகிற மாதிரி சற்றுத் திரும்பி நின்றாள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். அந்த விஷயத்தில் நான் எப்போதும் கவனமானவன்.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் விமான நிறுவனத்தின் கடிதம் கம்பெனி முகவரிக்கு வந்தது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார்கள். சம்பந்தப்பட்ட ஊழியர் தகுதிகாண் காலத்தில் இருந்ததால் பணியில் தொடரவில்லை என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. சேட்ஜி அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து கேன்டீன் சுவரில் மாட்டச் சொன்னார். அதே வாரம் தளேகாவ் உத்தரவும் கைக்கு வந்தது.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஹிந்து மீல்ங்கிற பேரைப் பாத்து சைவம்னு ஏமாந்துட்டேன்னு சொல்லியிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காதே?”

“அப்ப தோணல.”

“இருபது வருஷமா பொய்யிலயே குடித்தனம் பண்றோம். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் ஒண்ணு தோணலையா உங்களுக்கு?”

நான் அவள் நறுக்கி வைத்த காயைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டேன்.

“இப்பவாச்சும் எழுதுங்க. தப்பு என்னுதுன்னு எழுதிப் போடுங்க.”

“எழுதினா பதில் ஆபீசுக்குத்தான் வரும். வேலை போவும். வேலையோட இந்த வீடும் போவும்.”

போவட்டும் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். அப்போது உள்ளறையில் பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். அவள் கத்தியை எடுத்து மீண்டும் நறுக்க ஆரம்பித்தாள். அந்த மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பையன் பரீட்சை எழுதி, பாஸாகி, கல்லூரியில் இரண்டாம் வருஷமும் வந்துவிட்டான். நான் இன்னும் எழுதவில்லை.

போன மாதம் மறுபடியும் ஜெர்மனிப் பயணம். ஆலைத் தலைவர் என்பதால் எனக்கும் பிசினஸ் கிளாஸ், சேட்ஜிக்குப் பக்கத்து இருக்கை, இருவருக்கும் ஜைன உணவு. கதவருகே வரிசையாக நின்று கைகூப்பிய பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். வேலையை விட்டு நீக்கியதை நான்தான் கடிதத்தில் படித்திருக்கிறேன். இருந்தாலும் ஒருவேளை வேறெங்காவது சேர்ந்திருந்தால் என்று ஒரு பயம்.

அவள் இல்லை. உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது.