சுல்தானின் தைரியம்

நாய் என்றால் எனக்குப் பயம். இந்தப் பக்கத்திலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். வாசகர்கள் சிலர் கடிதம் போட்டுச் சிரித்தும் இருக்கிறார்கள். சிரியுங்கள்... பரவாயில்லை. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்தில் நான் பட்டது வேறு வகைப் பயம். நாய் கடித்துவிடுமோ என்பதில்லை. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று!

முதலில் ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி தனத்தின் தம்பி. காட்டுப்பாக்கத்தில் நிலம், கிணறு, உழவு மாடு என்று நிம்மதியாக இருக்க வேண்டியவன். ஆசை விட்டதா? பூந்தமல்லி கன்டோன்மென்டில் ஒரு துரை நாயை உலாத்தக் கூட்டிப்போனதை என்றைக்கோ பார்த்துவிட்டான். அன்றிலிருந்து, பட்டணத்தில் துரைமார் நடத்தும் ‘டாக் ஷோ’வில் கப் வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

அவன் அப்பா தெற்கேயிருந்து கொண்டுவந்த வேட்டை நாய் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அது இருந்தவரை வேர்க்கடலைக் கொல்லையில் நரி கால் வைத்ததில்லையாம். அது வெள்ளை நாய். ஆனால் அதன் நிறத்தைப் பற்றி அப்போது யார் பேசினார்கள்? ஏகாம்பரம் வந்துதான் பேசினான். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தான். வெளியில் நல்ல வெள்ளை கிடைக்காதபோது அண்ணனோடு தங்கையைச் சேர்த்தான். கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தாலும் குட்டி வீட்டுக்கு வெளியே. மூக்குகூட ரோஜா நிறத்தில்தான் இருக்க வேண்டும்!

“அழகெல்லாம் சரி, வேலை செய்யுமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இன்னா மாமே இப்டி கேட்டுட்ட? அதுக்குத்தான் தட்டு கீதே!” என்றான்.

தட்டு என்பது அவர்கள் வீட்டுப் பரீட்சை. கண் திறந்து ஓடியாடும் குட்டிகளுக்கு ஒரு தட்டில் பால் வைப்பார்கள். அவை மெய்மறந்து குடிக்கும்போது பின்னால் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவார்கள். பயந்து ஓடுகிற குட்டி தள்ளுபடி. நின்று பார்க்கிற குட்டி தேவலை. அசையாமல் பால் குடிக்கிற குட்டி இருக்கிறதே... அதுதான் தைரியசாலி. அதை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

போன வருஷத்து ஈற்றில் அப்படி ஒன்று அமைந்தது. தாம்பாளம் அதிர்ந்ததில் மற்றக் குட்டிகள் மூலைக்கொன்றாய்ச் சிதற, அது மட்டும் தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தது. பால் போல வெள்ளை. ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அழகும் தைரியமும் ஒரே குட்டியில்! சுல்தான் என்று பேர் வைத்தான்.

அதே ஈற்றில் ஒரு காது மட்டும் கறுத்த ஒரு பெட்டை, தாம்பாளச் சத்தத்தில் வைக்கோற்போருக்குள் புகுந்து சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. “நிறமும் இல்ல, தெகிரியமும் இல்ல. நீ எட்த்துகினு போக்கா” என்று தனத்திடம் கொடுத்துவிட்டான். எங்களுக்கு வந்தது மல்லி.

மல்லி பயந்தாங்கொள்ளிதான். என்னோடு நன்றாக ஒத்துப்போயிற்று. ஆனால் ஒரு விசேஷம். நான் ஆபீஸ் விட்டு, அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, லெவல் கிராஸிங்கைத் தாண்டும்போதே என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். வீட்டில் குரைப்பாள். தனம் காபிக்கு டிகாக்ஷன் இறக்குவாள். சுற்றிலும் முள்ளுக்காடு, வீடுகளோ தூரத் தூரத்தில். நான் வரும்வரை தனம் தனியாக இருக்கிற வீட்டில், அந்தக் குரைப்புதான் எங்கள் இருவருக்கும் தெம்பு.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஏகாம்பரத்தின் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்குகிறார்கள். ஜட்கா வைத்துக்கொண்டு போனோம். தனம் மல்லியைப் பிடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். நான் குறுக்கு வழியில் புங்கமரத்துப் பக்கமாக நடந்தேன்.

மரக்கிளையில் தூளி. தூளிக்குள் ஏகாம்பரத்தின் பெண்குழந்தை தூங்குகிறது. இன்னும் நடக்கத் தெரியாத பாப்பா. கீழே காவலுக்குச் சுல்தான், எனக்கு முதுகைக் காட்டியபடி! தூரத்திலேயே கனைத்தேன். “சுல்தான்... டேய் சுல்தான்...” என்று குழைந்தேன். சருகுகளை நறநறவென்று மிதித்தேன். ஊஹூம். தூளிக்குக் கைக்கெட்டும் தூரம் வந்துவிட்டேன். ஒரு காவல் நாய் இப்படியா இருக்கும்?

என் நிழல் அவன் முன்னால் விழுந்தது. அவ்வளவுதான். தூக்கிவாரிப்போட்டுத் துள்ளி எழுந்து, வெறுங்காற்றைக் கடித்தான். தைரியசாலி அப்படியா அதிர்வான்? என்னை அடையாளம் கண்டு மறுபடி படுத்தான். நான் பின்னால் போய்க் கையைத் தட்டினேன். காது மடல் ஆடவில்லை. மறுபடி பலமாகத் தட்டினேன். ஆடவில்லை.

அப்போதுதான் அந்தத் தாம்பாளம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இவன் பயப்படாமல் இருந்தானா... அல்லது இவனுக்குக் கேட்கவே இல்லையா?

குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம் என்று தூளியில் கை வைத்தால், பல்லைக் காட்டி உறுமுகிறான். வேறு வழியில்லை. கிணற்றடிக்கு ஓடினேன்.

ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தான். “இன்னா மாமே, பேஜார் பண்ற! அது ராஜா கணக்கா கீது. கண்டவங்க கூப்ட்டா திரும்புமா? வியாயக்கெயம ஷோ. இந்தப் பேச்ச வெளில வுடாத, ஆமா!”

“உங்களுக்கு எதைப் பார்த்தாலும் கவலைதான்” என்றாள் தனம்.

அவள் வாய் மூடவில்லை. அவள் கயிற்றில் பிடித்திருந்த மல்லி விறைத்து நின்றாள். முதுகு மயிர் சிலிர்த்தது. கயிற்றை உருவிக்கொண்டு குரைத்தபடி ஓடினாள். அவள் ஓடிய திசையைப் பார்த்தேன். கால்வாய்க் கரையில் ஒரு நரி!

பட்டப்பகலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், தள்ளாடித் தள்ளாடி வருகிறது. அப்படி வருகிற நரிக்கு வெறி பிடித்திருக்கும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நேரே புங்கமரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“ஐயோ, கொயந்தே!” என்று அலறிக்கொண்டு ஏகாம்பரத்தின் மனைவி நவநீதம் செடிகளுக்கு நடுவே ஓடினாள். கொல்லை முழுக்க ஒரே கூச்சல். “சுல்தான்! டேய் சுல்தான்! பின்னாடி பார்ரா!” சுல்தான் எங்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தான். நரி அவன் முதுகுக்குப் பின்னால். என் கால்கள் ஓடினவா, நின்றனவா... இப்போது நினைத்தாலும் தெரியவில்லை.

மல்லி அவனைத் தாண்டி ஓடினாள். அவள் ஓடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் சுல்தான் திரும்பினான். நரியைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் பாய்ந்தான். அந்தப் பாய்ச்சலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நரி ஒரு சுற்றுச் சுற்றி முள்ளுக்குள் போய்விட்டது. இரண்டு நாய்களையும் மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தோம். நல்லவேளை, பல் படவில்லை. குழந்தை விழிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் சுல்தானுக்குச் சோறு வைத்தான். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். தட்டினான். மறுபடி தட்டினான். கரண்டி வளைகிற மட்டும் தட்டினான். நவநீதத்தின் இடுப்பிலிருந்த குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். சுல்தான் சோறு தின்றுகொண்டிருந்தான். “போதும்டா” என்று தனம் போய்த் தாம்பாளத்தைப் பிடுங்கினாள்.

நாய் விஷயத்தில் மட்டும்தானா இப்படி? ‘பெண் நல்ல சிவப்பா, மாப்பிள்ளை எடுப்பா’ என்று கேட்டுவிட்டு வேறெதுவும் கேட்காமல் வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம். ஆபீஸில் எவ்வளவு முறையிட்டாலும் அசையாத மேலதிகாரியைப் பார்த்து, ‘ஆஹா, என்ன நிதானம்!’ என்கிறோம். ஒருவேளை அவருக்கும்...? வேண்டாம், நான் சம்சாரி.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்லி திடீரென்று குரைத்தாள். தெருவில் யாரும் இல்லை. சற்றுப் பொறுத்து ஏகாம்பரம் தெருமுனையில் திரும்பினான். கையில் வெள்ளிக் கப்!

“பஸ்ட் பிரைஸ் மாமே” என்றான். முகத்தில் ஒரு களையும் இல்லை. “பாண்டு அட்ச்சாங்க. அல்லா நாயும் மெரண்டுச்சி. இவன் மட்டும் செல கணக்கா நின்னான். தொர கை தட்டிட்டாரு.”

“காது கேட்காதென்று நீ சொல்லவில்லையா?”

“பட்லர வெச்சி சொன்னேனே! ‘அதனால இன்னா, அயகா கீதே’ன்ட்டாரு. குட்டி வேணும்னு கேட்டாரு. கெடையாதுன்ட்டேன். அதுங்களுக்கும் காது கேக்காம பூட்டா இன்னா பண்றது? இனிமே அவனுக்கு ஜோடி சேக்க மாட்டேன் மாமே.” கப்பைத் தனத்தின் முன்னால் வைத்தான். “யக்கா, இத்த நீ வெச்சிக்கோ. மல்லிய குடு. ராவுல தூங்க முடில. பாப்பா இருமினாகூட எய்ந்து எய்ந்து குந்திகிறேன். அவ கேட்டுக்குவா... இவன் பாத்துக்குவான்.”

தனம் என்னைப் பார்த்தாள். நான் மல்லியைப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் முகம் கண்முன் வந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அழைத்துப் போய்விட்டான்.

ஆக, காபி இப்போதெல்லாம் தாமதம். எங்கே ஒரு சருகு விழுந்தாலும் நானே எழுந்து உட்காருகிறேன். எங்கள் வீட்டுக் காவலுக்கு இருப்பது ஒரு வெள்ளிக் கப்தான்... முதல் பரிசு பெற்றது!