குதிரைவாலிக் கட்டுரையும் மூன்றாவது பெயரும்

ஆய்வுக் கட்டுரை அனுப்புவதைவிடத் துண்டறிக்கை போடுவது மேலான தொழில். அதற்குப் போலீசாவது உடனே பதில் சொல்லும். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டு மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடும் சக பாவிகளே, துண்டறிக்கை வாசித்தே எழுத்துக்கூட்டப் படித்து, நாற்பது வருஷம் சங்கத்துக்கு அதையே எழுதி, இப்போது பாளையம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற நானும் உங்களில் ஒருவன்தான்.

சான்று எங்கே?

செல்வி எம்.ரெட்டியபட்டிப் பெண். தாய் இன்றும் பருத்தி எடுக்கப் போகிறவர். மழை பொய்த்தாலும் குதிரைவாலி காயாமல் நிற்பதற்கு எந்த மரபணு காரணம் என்று கம்ப்யூட்டரில் தேடுவது இவள் ஆராய்ச்சி. தன் பெயர் முதலில் வரும் கட்டுரை ஒன்று இந்த வருஷமே ஏற்கப்படாவிட்டால் டாக்டர் பட்டம் கிடையாது. தென்மாவட்ட உயிரித் தகவலியல் மாநாட்டுக்கு அனுப்ப என்னிடம் வந்தாள்.

“காயாம நிக்கிற வித்தைய உங்க ஆத்தாகிட்டக் கேட்டாலே சொல்லுமே தாயி” என்றேன்.

“சொல்லும் அண்ணாச்சி. ஆனா எங்க ஆத்தா சொல்லுச்சுன்னு அடிக்குறிப்புப் போட முடியாதே.”

அடியில் பெயர்

பெயர் போடாத அறிக்கை கோழையின் அறிக்கை. எங்கள் அறிக்கைகளின் அடியில் பெயரும் ஊரும் இருக்கும். அதற்காகவே உள்ளே போயிருக்கிறோம். பழகிய கை. அவளைக் கேட்காமலே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘செல்வி, எம்.ரெட்டியபட்டி’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். எழுதியவர் யாரென்று மதிப்பிடுவோருக்குத் தெரியக்கூடாது என்பது அங்கே விதியாம். மறுநாளே திரும்பி வந்தது. பெயரை நீக்கி அனுப்ப இரண்டு நாள் தவணை. நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன், நீக்கி அனுப்பினேன்.

“ஆளு யாருன்னு பாக்காமத் தீர்ப்புச் சொல்ற எடம் இது ஒண்ணுதான் அண்ணாச்சி. அதையும் கெடுக்கப் பாத்தீகளே.”

எந்த நாடு?

மாநாடு நடப்பது இங்கிருந்து இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில். கட்டுரையை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள்: விதை எடுத்ததாகச் சொல்லும் திருச்சுழி எந்த நாட்டில் இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் சிரித்தாள்.

“எந்த பஸ்ஸுல ஏறணும்னும் சேத்து எழுதிருவமா அண்ணாச்சி?”

வரிசை

ஏற்ற கட்டுரையில் பெயர்களைச் சேர்க்க வேண்டிய அன்று அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு அவளுக்குப் போன் செய்தார். தன் பெயர் முதலில், துறைத்தலைவர் பெயர் அடுத்து, அவள் மூன்றாவது. மறுத்தால் ஆய்வேட்டில் கையெழுத்து இல்லை. கல்லூரி வாசலில் அறிக்கை கொடுப்போம் என்றேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயரை முதலிலும் அவர் பெயரைக் கடைசியிலும் அடித்து, தானே அனுப்பினாள்.

மாநாட்டு நிரலில் கட்டுரையே இல்லை. ஒரு வரி மின்னஞ்சலில் கைடு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார். செல்வி கடைக்கு வந்து சொன்னாள்.

“வேற கைடு தேடிப் போறேன் அண்ணாச்சி. ஃபைல அழிச்சிராதீக, பேரு வரிசையும் அப்பிடியே இருக்கட்டும்.”

ஊர்வலத்தை மறிக்க வந்தவன்கூட வெயிலில் எங்கள் எதிரே நின்றான். ஆய்வை மறிப்பவர் ஃபேனுக்கு அடியிலிருந்து எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை.